‘மிரட்டினார்’ என்று எழுத மறுத்தவர்

மாதா கோயிலில் நடந்த என் கல்யாணம் செல்லாது என்று திருச்சபை அறிவிக்க வேண்டுமென மனுக் கொடுத்திருந்தேன். வாக்குமூலம் கொடுக்கச் சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் போனேன். அங்கே விசாரணை நடத்திய ஃபாதர் கேள்வி கேட்டார். நான் சொன்னதை எழுதிக்கொண்டவர் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் பேனா மூடியால் காதைக் குடைந்துகொள்வார். பார்த்தவுடனேயே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

ஃபாதர் எழுந்து போனதும், பெரியவர் கையெழுத்துக்காகத் தாளை என் பக்கம் தள்ளினார். படித்துப் பார்த்தேன். ‘தந்தையின் அறிவுரைப்படி மணந்தேன்’ என்று இருந்தது.

“நான் இப்பிடிச் சொல்லல சார். கட்டிக்கலன்னா தூக்குல தொங்கிடுவேன்னு அப்பா மிரட்டினாருன்னு சொன்னேன்.”

“பெத்தவர அப்பிடி எழுதுனா நல்லாவா இருக்கும்? எல்லாம் ஒண்ணுதாம்மா.”

“ஒண்ணு இல்ல. மிரட்டினாருன்னு எழுதுங்க. இல்லன்னா ஃபாதரக் கூப்புடுறேன்.”

“திமிரு ஜாஸ்திதான் ஒனக்கு,” என்றபடி அந்த வரியை அடித்துவிட்டு, தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினார். அதன் பிறகே கையெழுத்துப் போட்டேன்.

கட்டாயத்தின்பேரில் நடந்த திருமணம், எனவே செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அந்த வரி இல்லையென்றால் வந்திருக்காது. அந்தப் பெரியவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. என் அப்பாவை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அப்பாவுக்காக ஏன் பொய் எழுதினார் என்பது மட்டும் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.