அப்பாவுக்கு நான் போட்ட அரைப் பேர்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு அமெரிக்கர்கள் என் மேசையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மடிக்கணினிக்குள்தான், பயப்படாதீர்கள். இப்படியான காணொளிகளில் பேச்சுக்குக் கீழே ஓடுகிற ஆங்கில எழுத்தில் பிழை பார்ப்பது என் வேலை. பதுளைக் கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் இரண்டு அறை எடுத்து, அப்பாவும் நானும் இருக்கிறோம். இந்த வேலைக்கு முன்னால் ஒரு பட்டமும் வாங்கியிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். யாரைப் பார்த்தாலும் ஐந்து நிமிடத்துக்குள் இதைச் சொல்லிவிடுவேன். உங்களிடமும் சொல்லியாயிற்று.

சண்டை அமெரிக்கக் கால்பந்தாட்டத்தைப் பற்றியது. காலைவிடக் கையைத்தான் அதிகம் பாவிக்கிறார்கள், பிறகு ஏன் அந்தப் பெயர் என்று என்னைக் கேட்காதீர்கள். அதில் குவாட்டர்பேக் என்று ஒருவர் உண்டு. யார் எங்கே ஓடுகிறார்கள் என்று பின்னால் நின்று பார்த்து, பந்தைச் சரியான கைக்கு எறிகிறவர். எல்லாக் காலத்துக்கும் பெரிய குவாட்டர்பேக் யார் என்பதுதான் வழக்கு. ஒருவர், வென்றவர்களுக்குக் கொடுக்கிற மோதிரங்களை எண்ணிப் பார் என்கிறார். இன்னொருவர், அவனுக்குப் பந்து பிடிக்க நல்ல ஆட்கள் வாய்த்தார்கள் என்கிறார். மூன்றாமவர், அந்தக் காலத்தில் அடித்து நொறுக்குவார்கள், இப்போது தொட்டாலே விசில் ஊதுகிறார்கள் என்கிறார். நான்காமவரிடம் காரணம் எதுவும் இல்லை. மேசையைத் தட்டுகிறார்.

அப்பா பிளேன்டிக் கோப்பையோடு பின்னால் வந்து நின்றார்.

"என்னாத்துக்கு இப்புடிக் கத்துறானுக?"

"யாரு பெரிய ஆட்டக்காரன்னு சண்டைப்பா."

கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழையும் எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தச் சண்டை அவருக்கு நன்றாகப் புரிந்தது.

"கடைசியில எழுதுறது யாரு?" என்று கேட்டார்.

எனக்குக் காது கேட்காத மாதிரி, கழுத்தில் கிடந்த ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டேன்.

மோதிரம் என்றேனே, அப்பா மோதிரம் போட்டு நான் பார்த்ததில்லை. இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் பாதிதான் இருக்கின்றன. தேயிலைச் செடியின் கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டும்போது, மழையில் கத்தி வழுக்கி, மீதி மலையிலேயே போயிற்று. நான் பிறப்பதற்கு முன்பு நடந்தது. அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் தெமோதரைப் பக்கத்திலிருந்த எங்கள் தோட்டத்துக் கரப்பந்து அணியில் அவர் பந்து தூக்கிக் கொடுத்தார். கரப்பந்தில் பாய்ந்து அடிக்கிறவனைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். வலைக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நின்று, அடிக்கிறவனின் கைக்கு நேராகப் பந்தை உயர்த்திக் கொடுக்கிறவரை யாரும் பார்ப்பதில்லை. அப்பா தூக்கினால் பந்து சுற்றாது. மேலே போய் ஒரு கணம் நின்று, "வந்து அடி" என்று சொல்வது போலக் காத்திருக்கும்.

அந்தப் பந்தின் வாசனை இப்போதும் எனக்கு மூக்கில் இருக்கிறது. தேங்காயெண்ணெய், ஈர மண், பாக்டரியிலிருந்து வருகிற தேயிலைத் தூள், எல்லாம் கலந்த ஒன்று. வெடிக்காமலிருக்க எண்ணெய் பூசுவார்கள். என் தலைக்கு இல்லாத எண்ணெய் பந்துக்கு இருந்தது என்று அம்மா ஏசுவாள்.

ஆடுகளம் என்று தனியாக எதுவும் கிடையாது. வார நாட்களில் விடிந்ததும் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை இரண்டு கம்பு நட்டு வலை கட்டுவார்கள். ஆட்டம் முடிந்ததும் களத்துப் படியில் அமர்ந்து வழக்குத் தொடங்கும். எங்கள் தோட்டத்தில் எல்லாக் காலத்துக்கும் பெரிய தூக்குக்காரன் யார்? இருந்தது இரண்டு பெயர்தான். ஒன்று வரதன். மற்றது என் அப்பா மருதை.

அந்த வழக்கில் ஒரு சட்டம் இருந்தது. பந்து யார் மடியில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். மற்றவர்கள் பந்தைக் கேட்டுக் கை நீட்ட வேண்டும். பாராளுமன்றத்தில் இப்படி ஒரு பந்து இருந்தால் நல்லது என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன்.

பாக்டரியில் வேலை செய்த சுப்பையா அண்ணன் வரதன் கட்சி. "வரதன் பதுளைக்குப் போயி டவுன் டீமுக்கு ஆடினவன். முதுகுல நம்பர் போட்ட ஜேர்சி. மருதை எங்க போனான்? மிஞ்சிப்போனா கீழ் மலைக்குப் போனான்."

பதுளையிலிருந்து ஞாயிறுதோறும் துணி மூட்டையோடு வந்து, தொழிலாளர் குடியிருக்கிற லயம் லயமாக ஏறி விற்கிற நிசார் நானா அப்பா கட்சி. வியாபாரம் முடிந்ததும் மூட்டையின் மேலேயே உட்கார்ந்துகொள்வார். "டவுன் டீம்ல வரதனுக்கு அடிக்கிறதுக்கு ஆறடி ஆள் ரெண்டு பேர் இருந்தான். மருதைக்கு யார் இருந்தது? நீதான் இருந்தாய், சுப்பையா. ஒன்ன வெச்சிக்கிட்டு ஜெயிச்சதுக்கே அவனுக்கு ஒரு கப் குடுக்கணும்."

"நானா, பந்து எங்கிட்ட இருக்கு. வாய மூடுங்க."

அப்பா கொஞ்சம் தள்ளி அமர்ந்து, யாரோ ஒரு மருதையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது போல வலையைச் சுருட்டிக்கொண்டிருப்பார். வழக்கு சமமாகப் போய்க்கொண்டிருக்கும்போது, கடைசியில் சுப்பையா அண்ணன் அதை எடுப்பார். "எல்லாம் சரி. கப்பு மேட்ச்சுல பாதியில எந்திரிச்சுப் போனவன எப்புடிங்க பெரிய ஆளுன்னு சொல்றது?"

அதற்கு மட்டும் நிசார் நானாவிடமும் பதில் இருக்காது. என்னிடம் இருந்தது.

நான் ஐந்தாம் வகுப்புப் பரீட்சையில் நன்றாகச் செய்திருந்தேன். பதுளையில் ஒரு பெண்கள் பாடசாலையில் இடம் கிடைத்தது. விடுதிக்கு அப்பா நேரில் வந்து கைநாட்டு வைக்க வேண்டும், சனிக்கிழமை நான்கு மணிக்குள் வராவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். அந்தச் சனிக்கிழமைதான் அடுத்த தோட்டத்தோடு கப் மேட்ச். காலை பத்து மணிக்கு ஆட்டம், மதியத்துக்குள் முடிந்துவிடும் என்று அப்பா கணக்குப் போட்டார். அடுத்த தோட்டத்து லொறி வழியில் நின்றுபோய், அவர்கள் வந்து சேரும்போது ஒரு மணி தாண்டிவிட்டது.

நான் வெள்ளைச் சட்டையோடு மேல் ரோட்டில் ஒரு மரத்து மறைவில் நின்றேன். கீழே களம் தெரிந்தது. முதல் செட்டை ஜெயித்துவிட்டார்கள். இரண்டாவது செட்டில் பாதி. வளைவில் பஸ் ஹோன் அடித்தது. அப்பா நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தார். கையிலிருந்த பந்தை, கோட்டுக்கு வெளியே நின்ற வரதனிடம் கொடுத்தார். "இந்தா வாறேன்" என்று சொன்னாராம். ஏறி ஓடி வந்தார்.

பஸ்ஸில் பனியனுக்கு மேலே சட்டையை மாட்டினார். இரண்டு முழங்காலிலும் சேறு. தெமோதரை தாண்டும்வரை அதைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "யாருகிட்டயும் சொல்லிறாத. தோத்தா, உன்னாலதான்னு சொல்லுவாங்க."

தோற்றும் போனார்கள். நாங்கள் திரும்பி வரும்போது கப் லொறியில் ஏறிப் போய்விட்டிருந்தது. எங்க போன என்று கேட்டவர்களிடம், "ஒரு வேல இருந்திச்சி" என்றார். அன்றிலிருந்து அந்த ஒரு வேலைக்கு லயத்தில் பல கதைகள் முளைத்தன. குடித்துவிட்டுப் படுத்திருந்தான் என்பது வரைக்கும்.

மூன்று வருடம் கழித்து ஒரு விடுமுறையில் நான் வீட்டுக்கு வந்திருந்தேன். பாடசாலை விவாதப் போட்டியில் சான்றிதழ் வாங்கிய புதிது. சாப்பாட்டுக்கு உப்புப் போதுமா என்று அம்மா கேட்டால்கூட இரு பக்க வாதத்தையும் சொல்வேன். அந்தக் கர்வத்தோடு களத்துப் பக்கம் போனபோது சுப்பையா அண்ணன், "இந்தா படிச்ச புள்ள வந்திருச்சி. இது எழுதட்டும். அதோட வழக்கு முடிஞ்சுது" என்றார். எழுத ஒரு கோடு போட்ட கொப்பியைக் கொடுத்தார்கள். இரண்டு ஞாயிறு உட்கார்ந்து எல்லோர் பேச்சையும் கேட்டு எழுதினேன். மூன்றாவது ஞாயிறு தீர்ப்பு.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கொழுந்து நிறை குறைந்தாலோ, வேலையைப் பாதியில் விட்டாலோ கணக்கப்பிள்ளை பதிவில் அரைப் பேர் போடுவார். அன்றைக்கு நீ பாதி ஆள், உனக்குப் பாதிச் சம்பளம். அட்டை கடித்த காலோடு வந்து, அரைப் பேர் விழுந்ததற்காக அம்மா அழுததை நான் பார்த்திருக்கிறேன். தோட்டத்தில் அதைவிடக் கேவலம் கிடையாது. நான் என்னுடைய கெட்டித்தனத்தைக் காட்ட, அந்த அளவுகோலையே எடுத்துக்கொண்டேன்.

படியில் ஏறி நின்று வாசித்தேன். "வரதன், முழுப் பேர். மருதை, அரைப் பேர். காரணம், ஆட்டத்தைப் பாதியில் விட்டமை."

சிரிப்பும் விசிலும் பறந்தன. "பாத்தீங்களா, பெத்த புள்ளையே எழுதிருச்சி!" என்று சுப்பையா அண்ணன் துள்ளினார். எனக்கு அது பாராட்டாகக் கேட்டது. சொந்த அப்பாவென்றும் பார்க்காத நடுவர்! காரணம் எனக்குத் தெரியும். அந்தக் காரணம்தான் பாவாடை சட்டை போட்டுக்கொண்டு படியில் நின்றது. ஆனால் என்னைப் பற்றிய ஒன்றை நானே சாட்சி சொன்னால் அது பக்கச்சார்பு ஆகிவிடும் என்று என் படிப்பு எனக்குச் சொல்லியது. அப்பா சொல்லாதே என்றதும் வசதியாக இருந்தது.

நிசார் நானா பந்தை வாங்கி அப்பா மடியில் வைத்தார். "மருதை, இண்டைக்காவது பேசு."

அப்பா பந்தைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை.

"படிச்ச புள்ள. சரியாத்தான் போட்டிருக்கும்" என்று சொல்லிப் பந்தை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறும் அவர்தான் வலை கட்டினார். ஆடவில்லை. அதற்குப் பிறகு ஆடவே இல்லை. முதுகு வலி என்றார்.

அமெரிக்கர்களை முடித்து அனுப்பிய மறுநாள் நான் நிசார் நானாவைத் தேடிப் போனேன். மூட்டை தூக்கியவர் இப்போது கடைத்தெருவின் மறுகோடியில் கடை வைத்திருக்கிறார். பாடசாலைப் பைகள், குடைகள், வாசலில் பைக்குள் தொங்குகிற பந்துகள். இத்தனை நாள் நூறு தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். கும்பிடக்கூட நின்றதில்லை. அன்றைக்கு ஒரு பந்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

"எடுக்கப் போறீங்களா மகள்? நல்ல சாமான்."

மருதையின் மகள் என்றேன்.

"எந்த மருதை? ஆ, வெரல் இல்லாத மருதை! நல்ல மனுசன். சொகமா இருக்காரா?"

எல்லாவற்றையும் சொன்னேன். கைநாட்டு, நான்கு மணி, லொறி, பஸ், முழங்கால் சேறு. தீர்ப்பு பிழை என்றேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒருவருக்குக் குடை விற்றார்.

"எந்த மேட்ச் மகள் அது?" என்று கேட்டார். "எத்தினையோ மேட்ச் நடந்திச்சே."

அந்தப் பந்தை வாங்கிக்கொண்டு வந்தேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "நிசார் நானாவப் பாத்தேன்பா. அன்னைக்கு நீங்க ஏன் போனீங்கன்னு சொல்லிட்டேன். முழுப் பேர்னு ஒத்துக்கிட்டாரு" என்றேன். படித்தவள் சொன்ன பொய்.

அப்பா பந்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். புது ரப்பர் வாசனை. மடியில் வைத்துக்கொண்டார்.

"நானா எப்பவும் எங்கட்சிதானே. மத்தவங்க என்னா சொன்னாங்க?"

சுப்பையா அண்ணன் செத்து நான்கு வருடம். வரதன் கட்டாருக்குப் போனவர் திரும்பவில்லை. மற்றவர்கள், கொழும்பில் கடைகளில் வேலைக்கு நிற்கிற பிள்ளைகளோடு போய்விட்டார்கள். தோட்டத்துப் படிப்பகத்தில் வைத்திருந்த அந்தக் கொப்பி ஒரு மழையில் அலுமாரியோடு ஊறிப்போனது. பெரட்டுக் களத்தில் இப்போது ஆறு வீடுகள் கட்டியிருக்கிறார்கள். லயத்தில் ஒரே அறையில் ஐந்து பேர் படுத்து வளர்ந்தவள் நான், அந்த வீடுகளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் அப்பாவுக்கு எதிராகக் கத்துவதற்கு ஒருவராவது மீதியிருந்தால், அந்த ஆளின் கையைப் பிடித்து நான் பேசியிருப்பேன். வழக்கு நடந்த இடமும் இல்லை, ஆட்களும் இல்லை. கொப்பி போன பிறகும் நான் எழுதிய தீர்ப்பு மட்டும் அப்படியே நிற்கிறது.

அப்பா பதிலுக்குக் காத்திருந்தார். பந்து அவர் மடியிலேயே இருந்தது. நான் கை நீட்டவில்லை.