பாயசம் நேர்ந்துகொள்ளாமல் கேட்ட வேலை

தாய்நாட்டுக்கு அனுப்புகிறோம் என்று சொல்லித்தான் எங்களைக் கப்பலில் ஏற்றினார்கள். அந்தத் தாய்நாட்டை அதுவரை நான் கண்ணால் பார்த்ததில்லை. நான் பிறந்தது சிலோனில், ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில். என் அம்மா பிறந்ததும் அங்கேதான். அங்கே எங்களை "இந்தியாக்காரி, உன் ஊருக்குப் போ" என்றார்கள். இங்கே வந்து இறங்கினால் "சிலோன்காரி வந்திருக்கா" என்றார்கள். அப்படியானால் என் ஊர் எது? இதை யாரிடம் கேட்பது? இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

முருகன் அடியார்களே, வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும் பெண்கள் ஒவ்வொருவரும் எழுந்து நின்று தங்களுக்கு நடந்ததைச் சொல்கிறார்கள். என் முறை வரும்போதெல்லாம் நான் விளக்குக்கு எண்ணெய் விடுவதுபோல நழுவிவிடுவேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதித் தருகிறேன், யாராவது வாசியுங்கள். படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாங்கிளாஸ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபத்தெட்டாம் வருஷம் என்று நினைவு. வைகாசி மாசம். என் வீட்டுக்காரர் அதற்கு முந்தின வருஷமே தோட்டத்தில் காய்ச்சலில் போய்விட்டார். நானும் என் மகள் கமலமும் மட்டும் வந்தோம். அவளுக்கு எட்டு வயது. ராமேஸ்வரத்தில் இறங்கி, முகாமில் கொஞ்ச நாள் கிடந்து, ரயிலேறித் தென்காசி வந்து, அங்கிருந்து ஆய்க்குடிக்கு வந்தோம். வீட்டுக்காரருடைய அண்ணன் முன்னாலேயே ஊர் திரும்பி ஆய்க்குடியில் குடியிருந்தார். அவர் நல்லவர்தான். ஆனால் அவர் வீட்டில் பேச்செல்லாம் அவர் சம்சாரத்துடையது. நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன்.

வந்த மறுவாரமே அக்கா சொல்லிவிட்டாள்.

"எங்களுக்கே இங்கன இழுபறி. ஆவணிக்குள்ள நீ ஒரு வேலை தேடிக்கோ. இல்லைன்னா மதுரையில நமக்குத் தெரிஞ்சவங்க வீட்டுல பிள்ளைக்கு ஆள் கேக்காங்க. கமலத்தை அனுப்பிருவோம். வேளாவேளைக்குச் சோறு, தீவாளிக்குப் பாவாடை. உனக்கும் பாரம் குறையும்லா?"

என் பிள்ளை எனக்குப் பாரம் என்று நான் எப்போது சொன்னேன்? ஆனாலும் தலையை ஆட்டினேன். எட்டு வயதுப் பிள்ளை யார் வீட்டிலோ பாத்திரம் கழுவப் போகும். ஆவணி பிறந்ததும் அவர்கள் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். அதற்குள் எனக்கு வேலை கிடைக்க வேண்டும். அது ஒன்றுதான் அப்போது என் உயிர்.

ஆனியில் நடவு தொடங்கியது. வீட்டுக்காரருடைய அண்ணன் சொல்லிவிட்டதால், சண்முகத்தாய் என்ற அம்மா கூட்டிப்போகும் நடவு ஆட்களோடு நானும் வயலில் இறங்கினேன். எனக்குத் தெரிந்தது கொழுந்து பறிப்பது. முதுகில் கூடை, முன்னால் செடி, முன்னால்தான் நடை. இங்கேயும் நாற்றை வாங்கிக்கொண்டு நட்டுக்கொண்டே முன்னால் போனேன். நட்டது எல்லாம் என் காலடியிலேயே அமுங்கிக்கொண்டு வந்தது. நான் கவனிக்கவில்லை. மற்ற பெண்கள் குனிந்தபடியே பின்னால் நகர்ந்து வருவதையும் கவனிக்கவில்லை. கடைசியில் ஒருத்தி முதுகில் போய் முட்டினேன்.

"ஏட்டி, இங்க பாரு! நட்டதைத் தானே மிதிச்சுக்கிட்டு வருதா!"

"தேயிலை பறிக்க வந்துட்டா போல. கூடையைக் கொண்டாந்து மாட்டுங்கட்டி!"

"பின்னால வாம்மா, பின்னால! தென்காசி ஸ்டாண்டுல பஸ்ஸு பின்னால வருமே, அது மாதிரி வா!" என்றாள் சண்முகத்தாய்.

பின்னால் கால் வைத்தேன். சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தேன். வயல் முழுக்கச் சிரிப்பு. வரப்பில் நின்ற வயல்காரர் சத்தம் போட்டார்.

"ஏட்டி சம்முவத்தாயி, இவ நாத்து நடுதாளா, கூத்து நடத்துதாளா? கரையேறச் சொல்லு!"

ஏறினேன். ஒருத்தராவது இப்படிக் கால் வை என்று சொல்லிக்கொடுத்தார்களா? இல்லை. சிரிக்க மட்டும் எல்லோருக்கும் நேரம் இருந்தது. இவர்கள் யாரையாவது எங்கள் மலைச்சரிவில் நிறுத்தியிருந்தால் தெரிந்திருக்கும்.

அடுத்து குற்றாலம் போனேன். சாரல் சீசன். அருவியில் குளிக்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்திருந்தார்கள். தங்கும் வீடுகளில் கூட்டிப் பெருக்க, தண்ணீர் எடுக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டேன். ஒரு வீட்டில் பொறுப்பாக இருந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எந்த ஊரு?"

"ஆய்க்குடிங்க."

"ஆய்க்குடிப் பேச்சா இல்லையே இது."

"சிலோன்லேருந்து வந்தோமுங்க."

"சரி. நீங்க என்ன ஆளுக?"

நான் முந்தானையை இழுத்துச் செருகினேன்.

"கேக்கம்லா? சொல்லுததுக்கு என்ன வெக்கம்? என்ன ஆளுன்னு தெரியாம தண்ணிக் குடத்தை எப்படித் தொட விடுறது?"

எங்கள் லயத்திலும் அந்தப் பேச்சு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதுகில் தொங்கின கூடை ஒருநாளும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நான் திரும்பி நடந்தேன். அருவித் தண்ணீர் யார் தலையில் விழுகிறோம் என்று கேட்டா விழுகிறது? அந்தத் தண்ணீரைக் குடத்தில் பிடித்ததும் அதற்குக் காவல் வந்துவிடுகிறது. சாரலில் நனைந்துகொண்டே ஆய்க்குடி வரை நடந்தேன். அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டே நடந்தேன்.

தென்காசியிலும் தேடினேன். எங்களைப்போல வந்தவர்களுக்கு வேலைக்கு வழி சொல்வார்கள் என்று ஒரு இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர், "தாய்நாடு உங்களைக் கைவிடாதும்மா, அடுத்த வாரம் வா" என்றார். அடுத்த வாரமும் அதையேதான் சொன்னார். பீடி சுற்றக் கேட்டேன். கை பழகவே மாசக்கணக்கில் ஆகும் என்றார்கள். ஆடியும் பிறந்துவிட்டது. அக்கா கமலத்துக்குத் தலைவாரும்போதே மதுரைப் பெருமை பேச ஆரம்பித்துவிட்டாள். பிள்ளை என்னிடம், "அம்மா, நீயும் மதுரைக்கு வருவேல்ல?" என்று கேட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை கமலத்தைக் கூட்டிக்கொண்டு நம் முருகன் கோயிலுக்குப் போனேன். உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் எனக்கு அன்றுதான் முதல் தடவை. யாரோ நேர்ந்துகொண்டு படிப்பாயசம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கோயிலை ஒட்டின ஆற்றுப் படிக்கட்டைக் கழுவிவிட்டு, சுடச்சுடப் பாயசத்தை அந்தக் கல்லிலேயே ஊற்றினார்கள். சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்து கையால் வழித்து வழித்துச் சாப்பிட்டன. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பசித்த வயிறு இத்தனை இருக்க, கல்லில் ஊற்றுகிறார்களே என்று. பார்த்துக்கொண்டு நிற்கும்போதே கமலம் என் கையை உதறிவிட்டு ஓடிப்போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டது.

ஒரு அம்மா குனிந்து அவள் தோளைப் பிடித்தாள். "இது யாரு வீட்டுப் பிள்ளை? ஏ பிள்ளை, எந்திரி. சிலோன்காரி மகதானே நீ?"

கமலம் பாயசக் கையோடு பாதி எழுந்துவிட்டது. அப்போது நேர்ச்சை போட்டவள், வெளியூர்க்காரி, கரண்டியோடு ஓடி வந்தாள்.

"யாரும்மா அது, பிள்ளையை எழுப்புறது? கலியாணமாகி எத்தனையோ வருஷம் கழிச்சுப் பெத்து, அதுக்காக ஊத்துறேன். படியில உக்காந்த பிள்ளை பூரா முருகன். எழுப்புனா என் நேர்ச்சை என்னத்துக்கு ஆகும்? நீ உக்காரு தாயி. வழிச்சுச் சாப்பிடு."

கமலம் உட்கார்ந்து சாப்பிட்டது. எனக்கு மட்டும் ஆறவில்லை. நேரே சந்நிதிக்குப் போனேன். மனிதர்கள் முன்னால் வராத பேச்சு அங்கே வந்தது. முணுமுணுப்பாகத்தான், ஆனால் நிறுத்தாமல் வந்தது.

"படியில உக்காந்தா முருகன், படியை விட்டு எறங்குனா சிலோன்காரி மகளா? இது என்ன நியாயம்? நீயும் அப்பன் வீட்டை விட்டுட்டு மலைக்குப் போனவன்தானே. போன எடத்துல உன்னை யாராவது நீ என்ன ஆளுன்னு கேட்டாங்களா? உனக்கு ஒரு மலையே கெடைச்சுது. எனக்கு ஒரு வேலை கெடைக்காதா? நான் பாயசம் நேர்ந்துக்க மாட்டேன். நேர்ந்துக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல. மொதல்ல நீ குடு. அப்புறம் நான் ஊத்துறேன். எம்பிள்ளையை மதுரைக்கு அனுப்புனா நான் இந்த வாசலை மிதிக்க மாட்டேன்."

திருநீறு வாங்கிக்கொள்ளாமலே வந்துவிட்டேன். அவ்வளவு கோபம்.

ஆடி கடைசியில் ஒரு நாள். கமலத்தையும் கூட்டிக்கொண்டு தண்ணீர்க் குடத்தோடு வாய்க்கால் வரப்பில் வந்துகொண்டிருந்தேன். கடைசி நடவு நடந்துகொண்டிருந்தது. அதே ஆட்கள், அதே வயல்காரர். வரப்போரத்து மரத்தில் சேலைத் தொட்டில்கள் தொங்கின. கைப்பிள்ளைகள் வீரிட்டு அழுதன. நடக்கிற பிள்ளைகள் வாய்க்கால் ஓரமாக உருண்டுகொண்டிருந்தன. தாய்மார்களுக்கு அழுகை கேட்கிறது. நிமிர்ந்து பார்க்கிறார்கள், வயல்காரர் நிற்கிறார், மறுபடியும் குனிகிறார்கள். ஒரு தொட்டிலில் அழுகை ஒரு மாதிரியாக இருந்தது. குடத்தை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். எறும்பு. பிள்ளையின் கழுத்தில், காதுக்குள், தொட்டில் கயிறு முழுக்கக் கட்டெறும்பு.

யாரிடமும் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கி எறும்பைத் தட்டி, குடத்துத் தண்ணீரால் கழுவி, என் முந்தானையில் சுற்றினேன். தண்ணீர் ஓரம் கிடந்ததையெல்லாம் இழுத்து வந்து நிழலில் உட்கார வைத்தேன். தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா என்று ஒன்று உண்டு. தாய்மார்கள் கொழுந்துக்குப் போகும்போது பிள்ளைகளை அங்கே விட்டுப்போவார்கள். கமலம் வயிற்றில் இருந்தபோது என்னை மலைக்கு அனுப்பாமல் அங்கேதான் வேலைக்குப் போட்டிருந்தார்கள். அங்கே செய்ததை இங்கேயும் செய்தேன். கை கால் கழுவி, வரிசையாக உட்காரவைத்து, கமலத்தை விட்டுப் பாட்டுச் சொல்லச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தட்டித் தூங்கவைத்தேன்.

மத்தியானம் தாய்மார்கள் கரையேறி ஓடி வந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் தூங்குவதைப் பார்த்து முதலில் வந்தது நன்றியா? இல்லை.

"ஏட்டி, பிள்ளையளுக்கு என்னத்தட்டி குடுத்த? அபினியா?" என்றாள் சண்முகத்தாய்.

அன்று எனக்கு எப்படித்தான் வாய் வந்ததோ தெரியாது.

"ஒண்ணும் குடுக்கலைங்க. உங்க பிள்ளை கழுத்தைப் பாருங்க. எறும்பு பிடுங்குனது தெரியும். அழுகுறப்போ நீங்க யாரும் வரலை. நான் வந்தேன். அபினியாம் அபினி! பெத்தவளுக்கு வாய் மட்டும் இருந்தாப் போதுமா?"

எறும்பு கடித்தது சண்முகத்தாயின் மகள் வயிற்றுப் பேத்தி. அவள் பிள்ளையின் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் என் பக்கத்திலேயே சேற்றுக் காலோடு உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்கும் வருவியா?"

"எதுக்குங்க?"

"நீ நடவேண்டாம் தாயி, நீ நட்டா நாங்க கஞ்சி குடிக்க முடியாது. பிள்ளையளைப் பாத்துக்கோ. எங்க கூலி நெல்லுல ஆளுக்கு ஒரு பங்கு எடுத்து உனக்குத் தாரோம்."

வயல்காரர் வரப்பிலிருந்து, "இது என்ன புதுப் பழக்கம்?" என்றார்.

"மொதலாளி, எங்க கூலி, எங்க பிள்ளை. உமக்கு நாத்து நட்டாச் சரிதானே?" என்றாள் சண்முகத்தாய்.

நான் வருகிறேன் என்றேன். ஆனால் மரத்தடி வேண்டாம், கூரை வேண்டும் என்றேன். அப்புறம் இன்னொன்றும் சொன்னேன். "என் பேரு பாக்கியம். இனிமே யாரும் சிலோன்காரின்னு கூப்பிடக் கூடாது."

அவர்கள் பழைய மாட்டுத் தொழுவம் ஒன்றைக் கழுவி மெழுகிக் கொடுத்தார்கள். ஆவணி பிறந்தது. மதுரைக்காரர்கள் வந்தார்கள். அக்கா கமலத்துக்குப் பொட்டு வைத்து நிறுத்தியிருந்தாள். நான் கமலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை வராதுங்க. அவளுக்கு நாளைக்குப் பள்ளிக்கூடம்" என்றேன். அக்கா அன்று முழுக்க ஏசினாள். ஏசட்டும். என் பிள்ளை என்னோடு தூங்கியது.

நடவு முடிந்து களையெடுப்பு வந்தது, அறுப்பு வந்தது. தொழுவத்துக்குப் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தன. வயசாகும்வரை அந்த வேலைதான் பார்த்தேன். அன்றைக்கு எறும்பு கடித்த பிள்ளை இன்று இந்தப் பூஜைக்கு வருகிறாள். முன் வரிசையில்தான் உட்காருகிறாள். என்னைப் பெரியம்மா என்பாள்.

அந்த வருஷம் தை மாசம், எனக்குப் பங்காக வந்த நெல்லைக் குத்தி அரிசியாக்கிப் படிப்பாயசம் போட்டேன். நேர்ந்துகொள்ளாமல் போட்ட பாயசம் அது ஒன்றுதான் இருக்கும். ஊற்றிவிட்டுக் கரண்டியோடு படியோரம் நின்றேன். யார் கையாவது எந்தப் பிள்ளையின் தோளில் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். முருகனைக் கும்பிடக்கூட மறந்துவிட்டேன். எனக்குக் குறை தெரியவில்லை. அவன் படியில்தான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அடியார்களே, நம்பிக் கேளுங்கள். கையில் ஒன்றும் இல்லையா, ஒன்றும் இல்லை என்றே சொல்லிக் கேளுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடே கேளுங்கள். என் ஏச்சை அவன் வாங்கிக்கொண்டான். என்னைப் பார்த்துச் சிரித்த வாயாலேயே என்னை வேலைக்குக் கூப்பிட வைத்தான்.

கடைசியாக ஒன்று. இப்போது செங்கல் சூளைக்கு வடக்கேயிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். அவர்கள் பேச்சு நமக்குப் புரியவில்லை. போன வெள்ளிக்கிழமை அவர்கள் பிள்ளைகள் இரண்டு படிக்கட்டுப் பக்கம் நின்றன. நம் ஆட்களில் ஒருத்தி, "இது யாரு பிள்ளைக?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. பேர் எழுத மாட்டேன், வாசிக்கும்போது அவளுக்கே தெரியும்.

அதைக் கேட்காதே அம்மா. முதலில் உட்கார வை.