மேடத்தின் கண்கள்

தொம்மலூரில் எங்கள் தெருமுனைப் பூங்காவில் மேடத்துக்குச் சிலை வைக்கப்போவதாகக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து சொன்னபோது எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது. ஊரில் சிலைகளைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியையும் மீசையையும் வைத்துத்தான் இன்னார் என்று கண்டுபிடிக்க வேண்டும். மேடத்துக்கு இரண்டும் கிடையாது.

விண்வெளி மையத்தில் எங்கள் பிரிவில் ஒரு செயற்கைக்கோளின் முழுப் பொறுப்பையும் முதன்முதலாக ஏற்ற பெண் அவர். ஓய்வு பெறும்வரை அவருக்குக் கீழே டெக்னீஷியனாக இருந்தவள் நான். அவர் காலமான பிறகு, வெளிநாட்டிலிருக்கும் மகன் ஒரு பாஸ்போர்ட் போட்டோவை அனுப்பினார். சாயல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

ஆனேக்கல் போகும் வழியில் சிற்பியின் கொட்டகை. செயலாளரும் நானும் போனோம். சிற்பி ஈரத்துணியை விலக்கிக் களிமண் முகத்தைக் காட்டினார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்றெல்லாம் சொல்ல முடியாது. மூக்கு சரி, உதடு சரி, காதோரச் சுருள்முடிகூடச் சரி. ஆனால் அது மேடம் இல்லை.

என்ன தப்பு என்று எனக்கே சட்டென்று பிடிபடவில்லை. பிறகுதான் உறைத்தது. நாங்கள் வேலை பார்த்தது கிளீன் ரூமில். செயற்கைக்கோளின் பாகங்களைப் பொருத்தும் அந்த அறைக்குள் தூசி தும்பு போகக் கூடாது. கோட்டு, தொப்பி, முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டால் வெளியே தெரிவது கண்கள் மட்டும்தான். இத்தனை வருடமும் எனக்கு மேடத்தின் முகம் என்பது அந்தக் கண்கள்தான். களிமண்ணில் படாமல் ஒரு கையால் நெற்றியையும் மறு கையால் வாயையும் மறைத்துப் பார்த்தேன். கண்கள் மேலே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தன.

"மேடம் மேல பாக்கவே மாட்டாங்க. கண்ணைக் கீழ இறக்குங்க" என்றேன்.

"ராக்கெட்ல அனுப்புனவங்க வானத்தைப் பாக்காம தரையையா பாப்பாங்க? ஸ்வல்ப, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்கம்மா" என்றார் செயலாளர்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அட்ஜஸ்ட் பண்ணிக்கற ஆளா இருந்திருந்தா அவங்க செஞ்சது எதுவும் மேல போயிருக்காது சார்."

அந்த நாட்களில் காலையில் கிளீன் ரூம் வாசலில் மேடம் நிற்பார். பவுடர் கூடாது, பூ கூடாது. நானோ புதிதாகக் கல்யாணமானவள். மாமியார் பூ வைக்காமல் வெளியே விடமாட்டார். மேடத்தின் பார்வை நேரே என் தலைக்குத்தான் வரும். "பூவை எடுத்துட்டியா?" தொப்பிக்குள் ஒற்றை மல்லிக்காம்பு சிக்கியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். கண்கொத்திப் பாம்பு என்று பின்னால் பேசிக்கொள்வோம். ஆனாலும் கோபம் வராது. அவருடைய கனகாம்பரம் எங்களுக்கு முன்பே அவருடைய பைக்குள் போயிருக்கும். நான் என் பூவைக் கர்ச்சீப்பில் சுருட்டிப் பையில் வைத்ததும், முகமூடிக்கு மேலே அந்தக் கண்கள் ஓரத்தில் லேசாகச் சுருங்கும். அந்தச் சிரிப்புக்காகவே ஒரு நாளும் லீவு போட மனம் வராது. இப்போதும் ஏங்குகிறேன்.

சிற்பி சண்டைக்கு வரவில்லை. "அவங்க முன்னாடி நீங்க எங்க நிப்பீங்க, அங்க நில்லுங்க" என்றார். நின்றேன். இமைகளை இறக்கினார், கண்ணோரத்தில் கோடு இழுத்தார். "இப்போ?" என்றார். ரொம்ப நேரம் பார்த்துப் பார்த்து எல்லாமே குழம்பிவிட்டது. அப்படியே விட்டுவிட்டு வந்தேன். வெண்கலத்தில் வார்க்கும்வரை ஒழுங்காகத் தூக்கமில்லை.

திறப்புவிழாவுக்குப் பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு போனேன். மைக்கில் ஏதேதோ பேசினார்கள். சிலையை மூடியிருந்த திரை விழுந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பீடத்துக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தேன்.

கை தானாகப் பின்னந்தலைக்குப் போனது. பூவை உருவினேன், கர்ச்சீப்பில் சுருட்டினேன், பைக்குள் வைத்தேன். ஜிப்பை மூடிய பிறகுதான் என்ன செய்தேன் என்றே எனக்குப் புரிந்தது.

"ஏம்மா, நல்ல நாளும் அதுவுமா பூவை எடுத்துட்டீங்க?" என்றார் செயலாளர்.

"மேடம் பாக்கறாங்க சார்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.