புதுச் செயினும் மழை மீது போட்ட பழியும்

என் மோட்டார் சைக்கிள் விற்பனைக்கு இல்லை. ஈப்போவில் இருக்கும் மகனிடம் பல தடவை சொல்லிவிட்டேன். ஆனால் அவன் விற்கச் சொன்னதற்குக் காரணம் நான் சொன்ன பொய். அதையும் எழுதத்தான் வேண்டும்.

தீபாவளிக்கு முன் ஒரு மழை நாளில் தேயிலைத் தோட்டத்துச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தோம். செயின் கழன்று பின் சக்கரத்தில் சிக்கியது. சக்கரம் அப்படியே நின்றது. பின்னால் இருந்த என் மனைவி தேயிலைச் செடிகள் மேல் போய் விழுந்தாள். அவளுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. எனக்குச் சிராய்ப்பு மட்டும்.

செயின் தொய்ந்து பல வாரம் ஆகியிருந்தது. ரிங்லெட் டவுனில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர் “மாத்திடுங்க சார்” என்று முன்பே சொல்லியிருந்தார். தெரியும் என்றேன். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு, பிறர் எதையாவது நினைவூட்டினால் பிடிப்பதில்லை. விபத்துக்கு மறுநாள் யாரும் பார்ப்பதற்குள் அந்தச் சரிவுக்குப் போய், செயினைப் பல்சக்கரத்தில் ஏற்றிவைத்து, மோட்டாரை வீட்டுக்குத் தள்ளி வந்தேன். மகன் கேட்டபோது மழையில் ரோடு வழுக்கிவிட்டது என்றேன்.

பிள்ளைகள் வேறு கணக்குப் போட்டார்கள். இந்த மலையில் எப்போது மழை இல்லை? இத்தனை வருடம் வழுக்காத ரோடு இப்போது வழுக்கினால், அப்பாவுக்குக் கை நடுங்குகிறது, கண் மங்குகிறது என்றுதானே அர்த்தம். என் கைக்கும் கண்ணுக்கும் ஒன்றுமில்லை என்று நிரூபிக்க வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

மனைவியின் கைக்கட்டைப் பிரித்த பிறகு, புதுச் செயின் மாட்டித் தரச் சொல்லி, பஸ்ஸில் ரிங்லெட்டுக்கு அந்த ஒர்க்ஷாப்காரரிடம் போனேன்.

“உங்க மோட்டார்ல கைவைக்கக் கூடாதுன்னு மகன் போன் பண்ணிச் சொல்லிட்டாரு சார்.”

“என் மோட்டாரைப் பத்தி அவன் என்ன சொல்றது?”

“அதை அவருகிட்டக் கேளுங்க. நான் மாட்டித் தரக்கூடாது. செயினை விக்கக் கூடாதுன்னு அவரு சொல்லலை லா.” செயின் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். “மாட்டத் தெரியுமா சார்?”

“தெரியும்” என்றேன். தெரியாது.

வீட்டில் இருந்தவை சுத்தியல், குறடு, இரண்டு ஸ்பேனர், ஒரு கான்கிரீட் ஆணி, மனைவி தோட்ட வேலையில் இருந்தபோது கவாத்துக் கத்தி தீட்டிய அரம். புதுச் செயின் நீளமாக இருந்தது. பழையது தேய்ந்து இழுபட்டிருந்ததால் அதன் நீளத்தை நம்பாமல் கண்ணிகளை எண்ணினேன். வெட்ட வேண்டிய இடத்தில் கண்ணியைக் கோத்திருந்த ஊசியின் தலையை அரத்தால் தேய்த்து, அடியில் பெரிய நட் ஒன்றை வைத்து, ஆணியால் அடித்து வெளியே தள்ளினேன். மனைவி முக்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“விரலை அடிச்சுக்காதீங்க. ரெண்டு பேருக்கும் கை இல்லேன்னா யாரு சமைக்கிறது?”

பின் சக்கர நட்டைத் தளர்த்திச் சக்கரத்தை முன்னால் தள்ளினேன். பழைய செயினின் இரு முனைகளையும் இணைத்திருந்த கிளிப்பைக் கழற்றி, அதன் நுனியில் புதியதைக் கோத்து மெதுவாக இழுத்தேன். பழையது வெளியே வர வர, இஞ்சின் மூடியைத் திறக்காமலே புதியது உள்ளே சுற்றிப் போனது. எனக்கே பெருமையாக இருந்தது.

“அன்னைக்கு இதுதானே கழண்டுச்சு?” என்றாள்.

நான் கிளிப்பைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“பின்னால உக்காந்திருந்தவளுக்குச் சத்தம் கேக்காதா? ஒரு வாரமா டக்குடக்குன்னு அடிச்சுது. சொன்னேன். தீபாவளி போகட்டும்னீங்க.”

“நான்தான் காரணம்” என்றேன். அதைச் சொல்ல அத்தனை நாள் ஆகியிருந்தது.

“எனக்குத் தெரிஞ்சதை எங்கிட்டச் சொல்லி என்ன? அவன்கிட்டச் சொல்லுங்க. சொன்னாத்தான் இனிமே இதுல ஏறுவேன்.”

“சொன்னாலும் விக்கத்தான் சொல்லுவான்.”

“சொல்லட்டுமே. நீங்க விக்காதீங்க.”

கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கும்படி போட்டு, சக்கரத்தை இழுத்து இறுக்கினேன். கை முழுதும் கிரீஸ். போனை அவள்தான் என் காதில் பிடித்தாள். மழை இல்லை, செயின்தான், மாற்றச் சொல்லியும் மாற்றவில்லை, பிறகு மறைத்தேன் என்று மகனிடம் சொன்னேன்.

“அப்ப கை நடுங்கலையா?” என்றான்.

“இல்லை. திமிரு.”

“அம்மா செத்திருந்தா?”

போனைப் பிடித்திருந்தவளின் இடது மணிக்கட்டைப் பார்த்தேன். “வித்துடுங்கப்பா” என்றான்.

“மாட்டேன். நான் பண்ணின தப்புக்கு என்னைத் திட்டு. வயசைச் சொல்லி என்னை வீட்டுல உக்கார வைக்காதே.”

அவள் போனைத் தன் காதுக்குக் கொண்டுபோனாள். “மொதல்ல அவரு தனியா அந்தச் சரிவுல எறங்கி ஏறி வரட்டும். அப்புறம் நான் பாத்துக்கிறேன்” என்று வைத்துவிட்டாள்.

தனியாக இறங்கி ஏறி வந்தேன். செயினில் சத்தம் இல்லை. அவள் செருப்பை மாற்றிக்கொண்டு வந்து ஏறினாள். வலது கை என் சட்டையைப் பிடித்தது. இன்னும் முழுதாக மடங்காத இடது கை, பிடிமானம் இல்லாமல் என் தோளில் கிடந்தது. சரிவில் அந்த இடம் வந்ததும் “மெதுவா” என்றாள். தெரியும் என்று சொல்லாமல் வேகத்தைக் குறைத்தேன்.