கைச்சூட்டில் உறைந்த மருந்து

மருத்துவமனையில் அவளுக்கு வைத்த பெயர் ஐஸ்பெட்டி. பின்னே என்ன, புற்றுநோய்க் கட்டியை அறுத்தெடுத்த குழிக்குள் விடுகிற ஜெல்லைக் கலக்குவதுதான் அவள் வேலை. குளிரில் அது தண்ணியாக ஓடும். உடம்புச் சூடு பட்டால் உறைந்துவிடும். உறைந்த இடத்திலேயே தங்கி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டு, உடம்பின் சொந்தக் காவல்காரர்களைத் தட்டி எழுப்பும். மிச்சம் மீதி ஒளிந்திருக்கும் நோயை அவர்கள் தேடிப் பிடிக்க வேண்டும். அதனால் ஊசிக்குழலை நுனிவிரலால்தான் தூக்கலாம். யாராவது உள்ளங்கையில் பொத்தினால் தொலைந்தார்கள். அப்படி ஒரு வாய் அவளுக்கு!

அன்று அறுவை மேசையில் கிடந்தது அவள் தம்பி. முதுகில் எடுத்த கட்டி திரும்ப வந்திருந்தது. இன்னொரு தடவை வந்தால் கத்தி வைக்க முடியாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

“இன்னிக்கு நீ வேணாம்மா, நான் பாத்துக்கறேன்” என்றார் கூட வேலை செய்யும் வழுக்கைத்தலையர்.

“என் தம்பிக்கு நான் கலக்காம வேற யாரு கலக்கறது? சும்மா இருங்க சார்.”

வழக்கம்போல இரண்டு குழல் கலக்கினாள். ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பச்சைத் துணிக்கு வெளியே தம்பியின் குதிகால் தெரிந்தது. அவ்வளவுதான், பாவி மனசு கலங்கிவிட்டது. டாக்டர் கேட்டு வாங்கி அழுத்தியபோது குழலிலிருந்து ஜெல் இறங்கவில்லை. விரல் மூடி இறுகப் பொத்தியிருந்திருக்கிறாள்!

இருப்பது இன்னும் ஒன்றே ஒன்று. அதை எடுக்கப் போனவள் நின்றாள். நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

“சார், நீங்களே குடுங்க” என்று வழுக்கைத்தலையரிடம் சொல்லிவிட்டு வெளியே போய் அழுதாள். அவர் கொடுத்த ஜெல் குழிக்குள் ஒழுங்காக இறங்கியது.

மயக்கம் தெளிந்ததும் தம்பி கேட்டான்: “நீதானக்கா மருந்து கொண்டுவந்து குடுத்த?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “பயத்துல பொத்திப் பிடிச்சு ஒண்ண வீணாக்கிட்டேன்டா. அப்புறம் அவர்தான் குடுத்தாரு.”

சிரிக்கப் போனான், தையல் சுண்டி இழுத்தது. “ரோடு தாண்டறப்பவும் இப்படித்தான் பிடிப்ப. விரலே நசுங்கிடும்.” அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டான்: “இனிமே கட்டி வராதுல்லக்கா?”

“தெரியலடா.”

அவன் கையை நீட்டினான்.

“சரி, பிடிச்சுக்க. நான் ஒண்ணும் உறைஞ்சு போயிட மாட்டேன்.”

இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.