தனியாகப் பாட ஒரு கிட்டார்

சபையில் அவளை ஸ்பீக்கர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எப்போதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவில் கரண்ட் போய்விட, எதுவும் நடக்காத மாதிரி அவள் தொடர்ந்து பாடி முடித்தாள். அன்றைக்கு ஏதோ ஒரு வாலு வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. டயர் கடைக்கு மேல்மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்ட சின்னச் சபை அது. கீழே கடைக்காரருக்குச் சாமி, பூதம் எதிலும் நம்பிக்கை கிடையாது. ஆனாலும், "அக்கா பாட ஆரம்பிச்சா நான் கம்ப்ரஸரை நிறுத்திடுவேன்" என்று பெருமையடித்துக்கொள்வார்.

பிழைப்பு, தையல். பழைய உடுப்புகளைப் பிடித்தும் விட்டும் கொடுக்கிற சின்னக் கடை. மிஷினை மிதித்துக்கொண்டே பாடுவாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான புதிதில், இவள் பாட்டுக்குத் துணையாக வாசிக்க வேண்டும் என்று கிட்டார் கற்றுக்கொண்டவர். ஸ்பேனர் பிடித்த விரல்கள் லேசில் வளையவில்லை. "உங்க கை லிஃப்டுக்குத்தான் லாயக்கு" என்று அவள் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. மனுஷன் விடாப்பிடியாகக் கற்றுக்கொண்டார். ஆனால் பாட மட்டும் வாயைத் திறக்கமாட்டார். "ஒரு வீட்டுக்கு ஒரு ஸ்பீக்கர் போதும்" என்பார்.

பிறகு அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். குரலுக்குப் போகிற நரம்பு அதோடு பின்னிக்கிடந்ததால், அதுவும் போயிற்று. உயிர் பிழைத்ததே பெரிய விஷயம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவளும் தலையாட்டினாள். மனசுக்குள் யாரையும் மன்னிக்கவில்லை, கடவுளையும் சேர்த்துத்தான்.

இப்போது அவள் பேசினால் வெறும் காற்று. அவள் கிசுகிசுப்பதைக் கேட்டு, கடைக்கு வருகிறவர்களும் கிசுகிசுக்கிறார்கள். "அக்கா, இடுப்ப மட்டும் கொஞ்சம் பிடிக்கணும்" என்று ஏதோ கொலை ரகசியம் மாதிரி காதோரம் சொல்கிறார்கள். உங்க தொண்டைக்கு என்ன கேடு, சத்தமாப் பேசுங்களேன் என்று கத்தத் தோன்றும் அவளுக்கு. எங்கே கத்துவது?

சபைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் பாஸ்டர் வீட்டுக்கு வந்து, "இனிமே நீங்களே தனியா ஆராதனைய நடத்துங்களேன்" என்று கணவரிடம் கேட்டார்.

"நானா? ஆளை விடுங்க பாஸ்டர்."

"அவர் பாடுவார்" என்று கிசுகிசுத்தது அவள்தான். "நானும் வரேன்."

தியாகம் ஒன்றும் இல்லை அது. தான் நின்ற இடத்தில் இன்னொருத்தி நின்று பாடுவதை அவளால் தாங்க முடியாது. இவர் நின்றால், அந்த இடம் பாதியாவது தன்னுடையதாக இருக்கும் என்று கணக்குப் போட்டாள்.

இருந்த கிட்டாரோ பாழாகிவிட்டது. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அது ஜன்னலோரம் வெயிலில் கிடந்து, பசை இளகி, கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை பெயர்ந்துவிட்டது. அதைப் பார்க்க யாருக்கும் நேரமும் இல்லை, நினைப்பும் இல்லை. அதனால் புதிது வாங்க இரண்டு பேரும் கிளம்பினார்கள்.

கிட்டார் கடைக்காரர் தலைமுடியைக் கொண்டை போட்டிருந்தார். "எதுக்கு சார்? பேண்டுக்கா?"

"இல்லைங்க, சர்ச்சுல. நான் ஒருத்தனே வாசிச்சுப் பாடணும்."

"அப்ப பெரிய உடம்பு கிட்டார்தான் உங்களுக்கு. டிரம்ஸ், கீபோர்டு எதுவும் கிடையாது இல்லையா? எல்லாமே இது ஒண்ணுதான். ஹாலை நிரப்பணும்." ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

கணவர் தன் சட்டைப்பையிலிருந்து கேப்போவை எடுத்தார். கிட்டார் கழுத்தில் கவ்வவைத்தால் சுருதியை ஏற்றிக்கொடுக்கிற கிளிப் அது. அவள் குரலுக்கு எப்போதும் வைக்கிற இடத்தில் அதை மாட்டி, கொஞ்ச நேரம் வாசித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"சத்தம் அதிகம். அமுக்கிடும்."

இன்னொன்று வந்தது. "இதுவும் இடிக்குதுங்க. அமுக்கிடும்."

கடைசியில், மூலையில் மாட்டியிருந்த சின்ன உடம்புக் கிட்டார் ஒன்றை அவராகவே இறக்கினார். வாசிக்க வாசிக்க முகம் தெளிந்தது. "இதுதாங்க. எவ்ளோ அடக்கமா இருக்கு பாருங்க. குரலுக்கு வழிவிடுது."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "யார் குரலுக்கு சார்? உங்க குரல் கீழ்ச்சுருதில இருக்கு. நீங்க கேப்போ வச்சிருக்கிறது ஏதோ பொம்பளைங்க பாடுற சுருதி. தனியாப் பாடப்போறேன்னுதானே சொன்னீங்க?"

அவர் கை கம்பிமேல் அப்படியே நின்றது. கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி தரையைப் பார்த்தார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை மாதத்தில் 'உன் குரல் வந்துடும்' என்று அவர் ஒரு பேச்சுக்குக்கூடச் சொன்னதில்லை. சுலபமாக மனசைத் தேற்றிக்கொண்டுவிட்டார் என்று நினைத்து, உள்ளுக்குள் அவர்மேல் கறுவிக்கொண்டிருந்தாள். இந்த மனுஷன் என்னடாவென்றால், இல்லாத குரலுக்கு இடம் விட்டுக் கிட்டார் தேடிக்கொண்டிருக்கிறார்.

சின்னதையே வாங்கட்டும் என்று ஆசையாக இருந்தது. வாங்கினால், அவள் இன்னும் பாடுகிறவளாகவே இருக்கலாம், ஒரு கிட்டாரின் கணக்கிலாவது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் அந்த உச்ச சுருதியில் கீச்சிட்டுத் தலைகுனியப்போவது அவர்.

அவள் எழுந்தாள். பெரிய கிட்டாரைத் தூக்கி வந்து அவர் மடியில் வைத்தாள். சின்னதிலிருந்து கேப்போவைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.

"உங்க சுருதில பாடுங்க."

"எனக்கு எது சுருதின்னு எனக்கே தெரியாதேம்மா."

"தேடுங்க."

தடவித் தடவித் தேடினார். பிறகு பாடினார். கரகரப்பான, கீழே இறங்கி நிற்கிற, நல்ல குரல். கொண்டைக்காரர் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அவளுக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் இதை வைத்துக்கொண்டா சும்மா இருந்தார்? தனக்குப் போட்டி வேண்டாம் என்றா? அந்த நினைப்பே வெட்கமாக இருக்க, வெளியே போய், நின்ற பைக்குகளுக்கு நடுவில் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். அழுத்தியிருக்க வேண்டியதே இல்லை. அழுகையிலும் சத்தம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி போனாள். சுவரோரம் உட்கார்ந்தாள். பெரிய கிட்டார் ஹாலை நிரப்பியது. பல்லவியும் முதல் சரணமும் அவர் தடுமாறாமல் பாடினார். பக்கத்திலிருந்த பெண், "அண்ணன் இவ்ளோ நல்லாப் பாடுவாரா! இத்தனை நாள் எங்கக்கா ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். அவள் சிரித்துவைத்தாள்.

இரண்டாவது சரணம் வந்தது. பாடவேண்டியவர், மைக்கை விட்டு ஒரு எட்டு விலகிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு, வெறுமனே வாசிக்கத் தொடங்கினார். மௌன ஜெபம் போல என்று நினைத்துச் சபை தலை குனிந்தது. யாரோ மெல்ல ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

குனியாமல் பார்த்துக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான். எப்போதும் அவள் தனியாகப் பாடுகிற சரணம் அது. மூன்றாவது அடியின் பாதியில் அவளுக்கு மூச்சு தீர்ந்துபோகும். அது வெளியே தெரியாமல் இருக்க, அந்த இடத்தில் மட்டும் அவர் தாளத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக் காத்திருப்பார். அவர்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத சங்கதி.

மூன்றாவது அடி வந்தது. பாதியில் அவர் கை தாளத்தை இழுத்துப் பிடித்தது. அவளுக்காக நின்றது.

அவள் மூச்சை இழுத்தாள். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.