கருவாட்டு வாடிக்குப் பக்கத்துக் கோயில்

பாலாவிச் சந்தியில் யாரோ ஈரக் கருவாட்டு மூட்டையொன்றை பஸ்ஸில் ஏற்றியபோது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. என் சின்ன வயதில் கற்பிட்டிக் கரையில், இப்போது ஹோட்டல் நிற்கிற இடத்தில், மீன் வெட்டிக் காயவைக்கும் கருவாட்டு வாடியை ஒட்டி, தென்னோலைக் கிடுகு வேய்ந்த அந்தோனியார் கோயில் இருந்தது. வெளியே மீன்குடல் அழுகிப் புழு நெளியும், உள்ளே சுரூபத்தின் முகமெல்லாம் ஈ மொய்க்கும். கடலுக்குப் போன மாமா திரும்பாத அந்த நாட்களில், பிலோமினா மாமி மாலைதோறும் அந்த நாற்றத்துக்குள் வாய் அசையாமல் அமர்ந்திருப்பார். துணைக்குப் போன நான் மூக்கைப் பொத்திக்கொண்டிருப்பேன்.

“சீ, இதுக்குள்ள இருந்து என்ன மாமி கேக்கிறீங்க?”

“ஒண்டும் கேக்கல்ல பிள்ளை. சும்மா இருக்கன். இருந்திட்டுப் போனா, நாளைக்கும் அடுப்பு மூட்டலாம் எண்டு மனசு வருது.”

மாமா வரவேயில்லை. மாமி அதே வாடியில் மீன் வெட்டப் போனார். குடல் ஒட்டிய அந்தக் கைகளைப் பார்க்கவே எனக்கு அருவருத்தது. அவற்றால்தான் அவருடைய பிள்ளைகள் பசி தெரியாமல் வளர்ந்தார்கள்.